ஏழாவது பாலத்தில் கூப்பிட்ட பெயர்

பேருந்து அவர்களைப் பள்ளத்தாக்கின் வாசலில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரை. மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் தலை நனைந்துபோகும், அப்படி ஒரு தூறல். அந்த மலைகளில் வசந்தகாலம் முழுக்க இதே கூத்துதான்.

"இன்னும் எத்தனை படி?" என்று கேட்டாள் ருயிங்.

"முடிஞ்சுது. இனிமே தரை."

கம்பளிச் சட்டை போட்டிருந்த ருயிங் தன் வலது கையைத் தூக்கித் தங்கையின் தோளில் வைத்தாள். டொரான்டோவிலிருந்து வந்து இறங்கிய அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. தங்கை பெய்லான் முன்னால் போவாள், அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். படி வந்தால் படி, பள்ளம் வந்தால் பள்ளம் என்று பெய்லான் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ருயிங்குக்கு முன்னால் இருப்பது கொஞ்சம் தெரியும். ஓரங்கள் அடியோடு தெரியாது. அந்தக் கொஞ்சமும் வரப்போகும் குளிர்காலத்தைத் தாண்டாது என்று அங்கே டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஒன்பது வருஷம் கழித்து வந்திருக்கும் அக்காவுக்குப் பெருஞ்சுவரையும் அரண்மனையையும் காட்டத்தான் பெய்லான் திட்டம் போட்டிருந்தாள். ருயிங் கேட்கவில்லை. "அதையெல்லாம் டிவியில பாத்தாச்சுடி. கண்ணு போறதுக்குள்ள அம்மா சொன்ன ஒன்பது பாலத்தையும் பாத்துடணும். அது போதும் எனக்கு" என்றாள். அதற்கு மேல் யார் என்ன சொல்வது? ஃபுஜோ நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினாலு வருஷமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்தவள் பெய்லான். சொந்த அக்காவின் கண்ணுக்கு அவள் கடையில் ஒரு கண்ணாடி இல்லை.

சீட்டுக் கொடுக்கிற இடத்தில் ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். ஒன்பது கட்டம். ஒவ்வொரு பாலத்திலும் மரமுத்திரையும் சிவப்பு மையும் வைத்திருப்பார்களாம், குத்திக்கொண்டே போக வேண்டும். ருயிங்குக்கு அதைப் பார்த்ததும் பத்து வயசு குறைந்துவிட்டது.

"ஒண்ணு விடக் கூடாது. ஒன்பதும் வேணும்" என்றாள்.

"சரி, ஒன்பதும்" என்றாள் பெய்லான்.

பள்ளத்தாக்கின் நடுவே ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாலம். எல்லாம் ஓடு வேய்ந்த மரப்பாலங்கள், வீடு போல இரண்டு பக்கமும் பலகை அடைத்தவை. உள்ளே நுழைந்தால் பகலிலும் மங்கல். நனைந்த மரவாசனையும் ஊதுபத்திச் சாம்பல் வாசனையும் வரும். அந்தக் கோடியில் மட்டும் வெளிச்சம் ஒரு சதுரமாகத் தெரியும்.

"பாலம் வருது, அக்கா. பின்னாலேயே வா."

"வர்றேன்."

முதல் பாலத்தைக் கடந்ததும் ஒரு சத்தம் கேட்டது.

"ஏம்மா! ஏய் சிவப்புச் சட்டை! உன்னத்தான்!"

மூன்று சக்கர வண்டியில் அடுப்பு வைத்துத் தேயிலைத் தண்ணீரில் வேகவைத்த முட்டை விற்கிற ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் பூப்போட்ட துண்டு, வாயில் சூரியகாந்தி விதை. பெயர் ஆகுய் என்று அவளே சொன்னாள்.

"உசிரோட இருக்கிற பொம்பளைய எவளாவது பாலத்துல 'பின்னாலேயே வா'ன்னு கூப்பிடுவாளா? அது செத்தவங்களைக் கூட்டிட்டுப் போறப்ப சொல்றது. அவ கையில ரெண்டு தட்டுத் தட்டு, போதும். வழி தெரிஞ்சுடும்."

ருயிங் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் பாதி செத்தவதான், அண்ணி. விமானத்துல குடுத்த சோத்தைத் தின்னுட்டு இன்னும் முழுசா உசிர் வரல."

"வாயைக் கழுவு மொதல்ல" என்று ஆகுய்யும் சிரித்து, ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தாள்.

ருயிங் முட்டையை உடைத்து, மஞ்சள் கருவைத் தனியே எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மஞ்சள் கரு ஆகாது, வாயில் வைத்தால் குமட்டும். "இந்தா, உன் பங்கு" என்றாள். பெய்லான் வாங்கிக்கொண்டாள். தன் முட்டையை மட்டும் உடைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

காரணம் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். ஒன்பதாவது பாலத்துக்கு மேலே இருக்கும் தன் ஊரில்தான் தன்னை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வருஷம் நாடுகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம், ருயிங்கால் வர முடியவில்லை. பெய்லான் ஒருத்தியாக அஸ்திப் பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இதே வழியில் நடந்தாள்.

இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. போன உயிர் தானாகத் தண்ணீரைத் தாண்டாது. சாம்பலைச் சுமக்கிறவர்தான் ஒவ்வொரு பாலத்திலும் "பாலம் வருது, பின்னாலேயே வா" என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது அங்கேயே நின்றுவிடும். பெய்லான் ஆறு பாலங்களில் ஒழுங்காகச் சொன்னாள்.

ஏழாவதில் கால் வைத்தபோது போன் அடித்தது. டொரான்டோவிலிருந்து ருயிங். அழுகை. கடைசியாக அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று ஒரே அழுகை. பெய்லானும் உடைந்துபோனாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் போன். "ருயிங் அக்கா, நீ வா. என்னால தனியா முடியல. சீக்கிரம் வா அக்கா, வா" என்று அரற்றிக்கொண்டே பாலத்தைக் கடந்துவிட்டாள்.

எட்டாவது பாலத்தில்தான் உறைத்தது. அம்மாவைக் கூப்பிடவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். அன்றைக்கும் மழை, கால் மரத்துப்போயிருந்தது, மேலே உறவுக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. போய்ச் சேர்ந்தவர்கள் கனவில் வந்து செருப்பு பத்தவில்லை, போர்வை பத்தவில்லை என்று கேட்பார்கள். மூன்று வருஷத்தில் அம்மா ஒரு தடவைகூடக் கனவில் வரவில்லை.

நாலாவது பாலம் தாண்டி ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ருயிங் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நாலு சிவப்பு முத்திரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அக்கா, இது எப்ப ஆரம்பிச்சுது? உன் கண்ணு." போனில் கேட்க எத்தனையோ தடவை நினைத்துக் கேட்காமலே விட்ட கேள்வி.

"அதை ஏன் கேக்கறே. அம்மாவை நீ கொண்டுட்டுப் போன அன்னிக்குத்தான். உன்கூடப் பேசிட்டுப் போனை வச்சேனா, நிமிர்ந்து பாக்கறேன், சமையல்கட்டுச் செவுரு ரெண்டு ஓரமும் கறுப்பா இருக்கு. அழுததுல அப்படி இருக்குன்னு நெனச்சேன். அது போகவே இல்லடி."

ருயிங் அட்டையை மடியில் இறக்கினாள்.

"டாக்டருக்கே அதுக்குப் பேர் தெரியல. எப்படித் தெரியுதுன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்ல? இன்னிக்கு இங்க வந்ததும்தான் புரியுது. இந்தப் பாலத்துக்குள்ள நின்னா எப்படி இருக்கு? ரெண்டு பக்கமும் இருட்டு, கோடியில மட்டும் வெளிச்சம். அச்சு அசல் அப்படித்தான். அந்தக் கோடிதான் நாளுக்கு நாள் தள்ளிப் போகுது."

சொல்லிவிட்டு ருயிங் சிரித்தாள். ஏழாவது பாலத்தில் போனில் தான் சொன்ன 'வா' பெய்லானுக்கு நினைவுக்கு வந்தது.

ஆறாவது பாலத்தின் வாயில் ஆகுய் இருந்தாள். கூட்டம் போகிற இடத்துக்கு அவளும் கீழ்ப்பாதையில் வண்டியை ஓட்டிவந்துவிடுவாள். ருயிங் முத்திரை மேசையைத் தடவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பெய்லான் அவளிடம் குனிந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

ஆகுய் விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"சாம்பலைக் கையில வச்சுக்கிட்டு இவ பேரையா கூப்பிட்டே? நீயெல்லாம் படிச்சவளா? மூளைய எங்க வச்சுட்டு வந்தே?"

"இப்ப என்ன பண்றது, அண்ணி?"

"விட்டுட்டு வந்தவங்களைப் போய்க் கூப்பிடணும். தனியா போ. அந்தக் கரையில கால் வைக்கிற வரைக்கும் திரும்பாதே. திரும்பினா அவங்க அங்கேயேதான், மறுபடி கூப்பிட முடியாது. உங்கக்காவை மட்டும் அந்தப் பாலத்துப் பக்கமே விடாதே."

"வந்தா?"

"வந்தா என்ன, பஸ் மாதிரிதான். ஒருத்தர் எறங்கினா ஒருத்தர் ஏறுவாங்க." ஆகுய் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "பேசாம இப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடு, கண்ணு."

நல்ல பேச்சுத்தான். கேட்டிருக்கலாம். ஆனால் பெய்லானின் மனசில் வேறு ஓர் ஆசை முளைத்துவிட்டது. அம்மாவை அங்கிருந்து விடுவித்தால் அக்காவின் கண்ணும் விடுபடும் இல்லையா? தப்பைச் சரி செய்தால் அந்தக் கறுப்பும் விலகும் இல்லையா? மூன்று வருஷமாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததைப் பிடுங்கி எறிய இதைவிட ஒரு நாள் வாய்க்காது.

ஏழாவது பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு சின்ன மண்டபம் இருந்தது. முத்திரை மேசையும் அங்கேதான். பெய்லான் அக்காவை உட்காரவைத்துத் தன் அட்டையையும் அவள் கையிலேயே கொடுத்தாள்.

"பாலத்துல பலகை உடைஞ்சிருக்காம். நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். ரெண்டு அட்டையிலயும் நீயே குத்திடு. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரிடி, சத்தியம். எனக்கென்ன ஓடப்போற வயசா?"

பெய்லான் பாலத்துக்குள் நுழைந்தாள்.

மற்ற ஆறு பாலங்களைவிட இது நீளம். உள்ளே ஈ காக்கை இல்லை. பின்னால் வந்துகொண்டிருந்த சுற்றுலாக் கூட்டத்தின் சத்தம் கதவைச் சாத்தியது போல நின்றுவிட்டது. பலகை இடுக்கு வழியாகக் கீழே தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு மாடத்தில் யாரோ வைத்த ஊதுபத்தி, நனைந்து அணைந்துபோயிருந்தது.

கோடியைப் பார்த்தபடியே பெய்லான் கூப்பிட்டாள்.

"அம்மா. பாலம் வருது. பின்னாலேயே வா."

ஒன்றும் இல்லை.

"அம்மா, என்னை மன்னிச்சுடு. வா, போலாம்."

பின்னால் ஒரு பலகை முனகியது.

பச்சைத் தைலத்தின் வாசனை வந்தது. அம்மா நெற்றியிலும் மூக்கடியிலும் தேய்த்துக்கொள்வது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்றுகூட அந்த வாசனைதான்.

அவள் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

சில்லென்று இருந்தது. சட்டை அந்த இடத்தில் நனைந்தது. பெய்லானுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்தால் இல்லை. வந்துவிட்டாளே, அம்மா வந்துவிட்டாளே என்றுதான் அழுதாள். கோடி வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு அடி எடுத்துவைத்தாள்.

பாலத்தின் கோடியை நெருங்கியிருப்பாள். அப்போது அந்தக் குரல் கேட்டது. தூரத்தில், பாலத்தின் வாயில்.

"பெய்லான்? கூப்பிட்டியா? இதோ வர்றேன்."

அக்கா.

அவள் அக்காவைக் கூப்பிடவில்லை.

"ஏண்டி பதில் சொல்ல மாட்டேங்கறே? வான்னியே, வந்துட்டேன். ரொம்ப இருட்டா இருக்கு இங்க. கையைக் குடு."

தடவித் தடவி வரும் காலடி. கைப்பிடிப் பலகையில் உரசும் விரல். பெய்லானின் உடம்பெல்லாம் அந்தப் பக்கம் இழுத்தது. திரும்பினால் அம்மா போய்விடுவாள், மறுபடி கூப்பிடவே முடியாது. திரும்பாவிட்டால்? இன்னும் எட்டே அடி. எட்டு அடி நடந்து, அந்தக் கரையில் கால் வைத்து, உடனே திரும்பி ஓடிப்போய் அக்காவைப் பிடித்துக்கொள்ளலாம். எட்டு அடியில் என்ன ஆகிவிடும்?

"பெய்லான், என் பக்கத்துல யாரோ நிக்கிறாங்க."

ஏழு.

"பெய்லான்!"

தோளில் இருந்த கை அழுத்தியது.

அவள் திரும்பவில்லை. எட்டாவது அடியில் கல்தரை காலில் பட்டதும் சுழன்று திரும்பினாள்.

ருயிங் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கை பெய்லானின் தோளில்தான் இருந்தது. பெய்லானுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "சத்தியம் பண்ணினியே, ஏன் எந்திரிச்சு வந்தே? ஏன் வந்தே?"

"அழாதே" என்றாள் ருயிங். மலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆற்றை. பிறகு பெய்லானை, உச்சி முதல் கால் வரை. "எல்லாம் தெரியுது. எவ்வளவு இளைச்சுட்டே."

"தெரியுதா? ஓரமும் தெரியுதா?"

"எல்லாமே தெரியுது."

பெய்லான் குழந்தை மாதிரி குதித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நடுப்பாதையில் நின்று சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன்னாலும் அனுபவித்ததில்லை, பின்னாலும் அனுபவிக்கப்போவதில்லை.

எட்டாவது பாலத்துக்கு ருயிங் முன்னால் நடந்தாள். தோள் வேண்டியிருக்கவில்லை. வழுக்குகிற கல் எது, பிடிமானமுள்ள கல் எது என்று பார்க்காமலே கால் வைத்துப் போனாள்.

"அட்டையை எடு, அக்கா. இங்க முத்திரை குத்தணும்."

"என்ன அட்டை?"

"ரெண்டையும் உன்கிட்டதானே குடுத்தேன்."

"அதெல்லாம் எதுக்கு? இந்த வழி எனக்குத் தெரியாதா?"

ருயிங்கின் கை இரண்டும் வெறுமையாக இருந்தது. மண்டபத்தில் வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று பெய்லான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தைல வாசனை இன்னும் போகவில்லை. அது தன் சட்டையில் ஒட்டியது என்றும் சொல்லிக்கொண்டாள். மனசு எதை வேண்டுமானாலும் சொல்லும், கேட்டுக்கொள்ள ஓர் ஆள் இருந்தால்.

ஒன்பதாவது பாலத்துக்கோ அதற்கு மேலே அம்மாவின் கல்லறைக்கோ போக ருயிங் ஒப்பவில்லை. "அங்க யாரு இருக்கா?" என்று மட்டும் சொன்னாள். கீழ்ப்பாதை வழியாகத் திரும்பி வந்து மத்தியானப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பெய்லான் பையில் மீதியிருந்த ஒரு முட்டையை எடுத்துக் கொடுத்தாள். ருயிங் ஓட்டை உரித்தாள். வெள்ளையைப் பிட்டுப் பிட்டுப் பெய்லானின் கையில் வைத்தாள். மஞ்சள் கருவை முழுசாகத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரசித்துத் தின்றாள்.

"தின்னு. ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கே, வாத்துக்குஞ்சு."

அந்தப் பெயரை உலகத்தில் ஒரே ஒருத்திதான் சொல்லுவாள்.

பெய்லானின் கையிலிருந்து முட்டை விழுந்தது. மடியில் போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது.

பக்கத்தில் இருந்தவள் குனிந்து பார்த்தாள். "எடுக்காதே. எடுத்தா அவளுக்கும் வெளிய வர ஆசை வரும்" என்றாள், மெதுவாக.

பெய்லான் எடுத்தாள். முதலில் தண்ணீர் சத்தம் மட்டும்.

"எங்கடி போயிட்டே?" ருயிங்தான். மூச்சு வாங்கியது. "நீ வான்னியே, அதான் எந்திரிச்சேன். யாரோ என்னைத் தாண்டிப் போனாங்க. அதுலேருந்து நடந்துக்கிட்டே இருக்கேன். கோடி தெரியுது. நடக்க நடக்கத் தள்ளிப் போகுதுடி. நீ அங்க நிக்கிறியா?"

"நிக்கிறேன் அக்கா. நிக்கிறேன். வர்றேன்."

பேருந்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். இறங்கி மழையில் ஓடினாள். எந்தப் பாதையில் ஓடினாள், எத்தனை முறை விழுந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. ஏழாவது பாலத்தின் வாயில் ஆகுய் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். பெய்லானின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ருயிங் அக்கா! பாலம் வருது! வா!"

"வர்றேன்" என்று நடுவிலிருந்து பதில் வந்தது. காலடி கேட்டது. வந்துகொண்டே இருந்தது. பாலத்தில் ஒரு ஈ இல்லை. பெய்லான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள், காற்றைத் துழாவினாள், மாடத்துக்கு முன்னால் விழுந்து தலையை முட்டிக்கொண்டாள். காலடி அவளைக் கடந்து போனது. திரும்பி வந்தது. நெருங்கவே இல்லை.

"ஏதாவது பண்ணுங்க, அண்ணி!"

"நான் என்ன பண்ண முடியும்?" ஆகுய் அழுதுவிட்டாள். "சொன்னேனே. ஒருத்தர் எறங்கணும்னா ஒருத்தர் ஏறணும்."

"அப்ப நான் ஏறுறேன். என்னை எடுத்துக்கட்டும்."

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. ருயிங்கின் கை, ருயிங்கின் மோதிரம். நனைந்து சொட்டச் சொட்ட நின்றாள்.

"உன்னை விடமாட்டேன்" என்றாள் அம்மா. "வா, வீட்டுக்குப் போலாம்."

அந்தப் பிடியை உதற பெய்லானுக்குத் தெம்பில்லை.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. டொரான்டோ விமானம் ஓர் இருக்கை காலியாகப் போனது. ருயிங்கின் முகத்தோடு இருப்பவள் ஃபுஜோ வீட்டில், அம்மாவின் அறையில் இருக்கிறாள். தினமும் பெய்லானுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைக்கிறாள். அந்தச் சாப்பாட்டுக்காக மூன்று வருஷம் ஏங்கியவள்தான் பெய்லான். இப்போது ஒவ்வொரு வாயையும் அழுதுகொண்டே விழுங்குகிறாள். யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா இதோ இருக்கிறாள், கண்ணும் நன்றாகத் தெரிகிறது, உனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்பார்கள்.

ஒருநாள் கேட்டே விட்டாள். "அம்மா, ஒரு தடவை அந்தப் பாலத்தைப் பாத்துட்டு வரலாமா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"மூணு வருஷம் அதையேதானே பாத்துக்கிட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு பெய்லான் கேட்கவில்லை. கேட்டு மட்டும்? பெற்றவளைக் கூட்டிப்போய் இரண்டாம் தடவை அங்கே விட்டுவிட்டு வர அவளால் முடியுமா?

மத்தியானம் மூன்று மணிக்கு, கடையில் ஆள் வராத நேரத்தில், போன் அடிக்கும். பெய்லான் எடுக்காமல் இருந்ததில்லை. எப்படி இருக்க முடியும், அக்கா ஆயிற்றே? தண்ணீர் சத்தம், நடை சத்தம், நடுநடுவே பேச்சு. முதல் வாரமெல்லாம் அழுகை. பிறகு அழுகை நின்றது. பிறகு ருயிங் பழையபடி கேலி பேசவும் தொடங்கிவிட்டாள்.

"எனக்கு இப்ப இந்த இடம் பழகிடுச்சுடி. உனக்குத்தான் பாவம், கண்ணு தெரியாம தடவறே."

பெய்லானுக்கு அது புரியவில்லை. இன்றைக்குப் புரிந்தது.

ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுக்கத் திரும்பியபோது இடது பக்க அலமாரியைக் காணோம். வலது பக்கம் திரும்பினாள், அதையும் காணோம். ஊராரை உட்காரவைக்கும் நாற்காலியில் தானே உட்கார்ந்து எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தாள். அது மட்டும் வெளிச்சமாக, ஒரு சதுரமாக, தூரத்தில் தெரிந்தது. இரண்டு ஓரமும் இருட்டு. இருட்டில்லை, பலகை. நனைந்த பலகை. மரவாசனை வந்தது.

போன் அடித்தது.

"பெய்லான், உன் அட்டையிலயும் குத்திட்டேன். பாத்தியா?"

மேசை மேல் ஒன்பது கட்டம் போட்ட அட்டை இருந்தது. காலையில் அது அங்கே இல்லை. ஏழாவது கட்டத்தில் முத்திரை. பெய்லான் விரலால் தொட்டாள். மை ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"அக்கா, வேணாம். அப்படிக் கூப்பிடாதே. கெஞ்சிக் கேட்டுக்கறேன், என் பேரை அங்க சொல்லாதே."

"பைத்தியம், பயப்படாதே. இத்தனை நாள் நீ எனக்கு வழி சொன்னே. இப்ப நான் சொல்றேன். நான் முன்னால போறேன், நீ தோளைப் பிடிச்சுக்கோ." அந்தக் குரலில் அத்தனை பாசம். "பாலம் வருது, பெய்லான். பின்னாலேயே வா."

பெய்லான் பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது.

அவளுடைய வலது கை தானாக உயர்ந்து முன்னால் நீண்டது. ஆளில்லாத கடையில், காற்றில், நனைந்த கம்பளிச் சட்டை போட்ட ஒரு தோள் மேல் போய் உட்கார்ந்தது.

"வர்றேன்" என்றாள்.